எவலின் கப்பலில் ஒரு விசாரிப்பு

மணியன்: ...அதுக்குத்தான் சொல்றேன், நீ வாயே தொறக்காத. கேக்கறதை நான் கேட்டுக்கறேன்.

வள்ளி: நீங்க கேட்ட லட்சணம் எனக்குத் தெரியாதாக்கும்? கவுந்தப்பாடிப் பொண்ணு ஊட்டைப் பத்தி விசாரிக்கப் போயி, அந்தப் பொண்ணோட சித்தப்பன்கிட்டயே "குடும்பம் எப்படிங்க"ன்னு கேட்டுப்போட்டு வந்தவருதானே.

மணியன்: அவரு டீக்கடையில பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா நான் என்ன பண்றது? நெத்தியில எழுதியா ஒட்டியிருக்குது?

வள்ளி: இங்க டீக்கடையே இல்ல. கப்பல்தான் இருக்குது.

மணியன்: அதுதான் புள்ள சங்கடம். இந்த அமெரிக்காவுல, ஃப்ரீமான்ட்ல, பக்கத்து ஊட்டுக்காரன் பேரு என்னன்னு நம்ம சபரிக்கே தெரியல. முடி வெட்டறவன் வியட்நாம்காரன். மளிகைக்கடையில நிக்கறது குஜராத்திப் பொண்ணு. யாருகிட்டப் போயி விசாரிக்கறது? பொண்ணோட அம்மா சனிக்கிழமையானா இந்த மியூசியக் கப்பல்ல வாலண்டியரா வேலை பாக்கறாங்கன்னு பையன் சொன்னான். கூட வேலை செய்யறவங்ககிட்ட மெதுவாப் பேச்சுக் குடுத்தா...

வள்ளி: இங்கிலீஷ்லயா?

மணியன்: ...அதை நான் யோசிக்கல.

வள்ளி: அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க ஊட்டுக்கே போறமல்ல. நேர்லயே பாத்துக்கறது.

மணியன்: நேர்ல பாக்கறப்ப எல்லாருந்தான் நல்லவங்க. பட்டுப்புடவை, கேசரி, சிரிச்ச மூஞ்சி. அதுக்கு முன்னாடி விசாரிக்கோணும். சாதி சனம் பாக்கறதெல்லாம் உட்டாச்சு. குடும்பம் எப்படின்னாவது பாக்க வேண்டாமா? எங்கப்பன் உன்னைய விசாரிச்சுட்டுத்தான் கட்டி வெச்சாரு.

வள்ளி: என்ன சொன்னாங்களாம்?

மணியன்: வாய் கொஞ்சம் நீளம்னாங்களாம்.

வள்ளி: அப்பறமும் கட்டி வெச்சாரே, நல்ல மனுசன். இங்க பாருங்க. அந்தப் பவதாரணிப் புள்ள நம்ம ஊட்டுல வந்து மூணு தோசை சாப்புட்டுட்டு, தட்டையும் கழுவி வெச்சுட்டுப் போச்சு. எனக்கு அதுவே போதும். ஒண்ணே ஒண்ணுதான் உறுத்துது...

மணியன்: என்னது?

வள்ளி: "அப்பா செத்துப்போயிட்டாரு"ன்னு சொல்றப்ப அந்தப் புள்ள என் மூஞ்சியைப் பாக்கல. தோசையைப் பாத்துக்கிட்டுச் சொல்லுச்சு.

மணியன்: அதைத்தான் நானும் விசாரிக்கோணுங்கறேன்.

வள்ளி: விசாரிங்க. ஆனா கெடுத்துப்போடாதீங்க. சபரிக்கு முப்பத்தஞ்சு ஆச்சு. இது தட்டிப்போனா அவன் இனிக் கல்யாணப் பேச்சே எடுக்க உடமாட்டான்... உஸ்ஸ். யாரோ வர்றாங்க.

கைடு: வணக்கம். தமிழ்க் குரல் கேட்டுது, ஓடி வந்தன். கப்பல் பாக்க வந்தனீங்களோ?

மணியன்: அட, தமிழுங்களா! ஆமாங்க, கப்பல்... கப்பல் மட்டுந்தான் பாக்க வந்தோமுங்க. வேற ஒண்ணுக்கும் இல்லீங்க.

வள்ளி: வேற எதுக்குன்னு அவங்க கேக்கவே இல்லியே.

கைடு: அடுத்த டூருக்கு இன்னும் ஒருத்தரும் வரேல்லை. நான் தமிழிலயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன். வாங்கோ... என்ன அக்கா, அப்பிடிப் பாக்கிறீங்கள்?

வள்ளி: ஒண்ணுமில்லீங்க. சட்டையில பேரு குத்தியிருக்குதுங்களே, அதைப் படிச்சேன். ஷ்... ஷ்யாமளா.

கைடு: ஓம்... ஷ்யாமளா.

மணியன்: சிலோனுங்களா?

கைடு: யாழ்ப்பாணம், அண்ணை. இப்ப இருக்கிறது ஹேவர்ட். அக்காக்கு முழங்கால் ஏலாது, படியால போக வேண்டாம். இஞ்சால லிஃப்ட் இருக்கு.

வள்ளி: எனக்கு முழங்கால் வலின்னு நான் சொல்லவே இல்லீங்களே?

கைடு: நடையிலேயே தெரியுதே அக்கா. நான் கனகாலம் ஃபார்மசியில நிண்டனான். முழங்கால் பிடிச்ச ஆக்கள் எத்தினை பேரைப் பாத்திருப்பன்... தலை கவனம் அண்ணை, கதவு பதிவு, குனிஞ்சு வாங்கோ.

மணியன்: அடேங்கப்பா. இது கப்பலுங்களா, அரமனைங்களா? இந்தத் தூணெல்லாம் மரமுங்களா?

கைடு: தேக்கு மாதிரி ஒரு மரம். இது எவலின். முப்பதுகள்ல கட்டினது. இஞ்சயிருந்து ஹவாய், அங்கால ஆஸ்திரேலியா வரைக்கும் காசுள்ள ஆக்களை ஏத்திக்கொண்டு போய் வந்தது. பியானோ, நீச்சல் குளம், நாய் கட்டி வைக்கக்கூட ஒரு அறை. பிறகு யுத்தம் வந்திட்டுது. நேவிக்காரர் எடுத்திட்டினம்.

மணியன்: எடுத்துட்டாங்கன்னா... வெலைக்கா?

கைடு: தேவை எண்டு கடுதாசி வரும் அண்ணை. சாவியைக் குடுக்க வேண்டியதுதான்.

மணியன்: கம்பெனிக்காரன்கிட்ட சம்மதம் கேக்கலீங்களா?

கைடு: யுத்தத்தில ஆர் சம்மதம் கேக்கிறது?

மணியன்: அதேதானுங்க! எங்க ஊர்லயும் இதே மாதிரி தாசில்தாரு ஒரு நாளு காலையில வந்து...

வள்ளி: ஏனுங்க!

மணியன்: ...சரி சரி. நீங்க சொல்லுங்க மேடம்.

கைடு: முதல்ல கம்பளம், கண்ணாடி, தொங்கு விளக்கு, பியானோ எல்லாத்தையும் கழட்டி ஒரு கோடவுனில போட்டவை. வெள்ளைக் கப்பலைச் சாம்பல் நிறமாக்கினவை. வட்ட யன்னலுக்கெல்லாம் கறுப்பு மை. இரவில ஒரு பொட்டு வெளிச்சம் வெளியில போகக்கூடாது. மேல்தட்டில பீரங்கி.

மணியன்: மேல்தட்டு தாங்குமுங்களா?

கைடு: தாங்காது. அது சாய்மனைக் கதிரை போட்டு வெயில் காயிறதுக்கெண்டு செய்த தட்டு. அதால கீழ இரும்பில முட்டுக்குடுத்திருக்கினம். இந்தா, இதுதான் அது. தட்டிப் பாருங்கோ.

மணியன்: ஆமா... நங்குன்னு இருக்குது. பின்னால வெச்ச முட்டுன்னு பாத்தாலே தெரியுது. அந்தப் பூ வேலைப்பாட்டைக் குத்திக்கிட்டு நிக்குது பாரு வள்ளி.

கைடு: பேரையும் மாத்திப்போட்டினம். எவலின் எண்ட பேரை அழிச்சிட்டு ஏதோ கோட்டையின்ர பேர் வைச்சவை. யுத்தம் முடிஞ்சாப் பிறகு திரும்ப எவலின்.

வள்ளி: பேரை மாத்திக்கிட்டா ஆளு மாறிப்போயிருமாக்கும்?

கைடு: ...மாறாது அக்கா. கொஞ்ச நாளைக்கு வசதி, அவ்வளவுதான்.

மணியன்: இது என்னங்க, இத்தனை பெரிய குழி?

கைடு: இதுதான் நீச்சல் குளம். யுத்தத்துக்க ஆர் நீந்துறது? தண்ணியை இறைச்சிட்டு உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கினவை.

மணியன்: உருளைக்கிழங்கா! நான் மஞ்ச மூட்டை, அவங்க உருளைக்கிழங்கா? ஹஹ்ஹா...

கைடு: மஞ்சள் மூட்டையோ? என்ன அண்ணை, விளங்கேல்லை.

வள்ளி: அவருக்கு எதையப் பாத்தாலும் அவரு ஏவாரந்தான் ஞாபகம் வரும். நீங்க போங்க.

கைடு: இதுக்கங்கால நடன மண்டபம். பூட்டிக் கிடக்கு. திறப்பு எடுத்துக்கொண்டு வாறன், இதில இருங்கோ.

மணியன்: ...போயிட்டாங்களா?

வள்ளி: போயிட்டாங்க. ஏனுங்க, நம்ம மண்டபத்து விசயத்தைச் சொல்லிப்போடுங்க.

மணியன்: இப்பவேவா?

வள்ளி: இவங்ககிட்டச் சொன்னாப் போயிச் சேர வேண்டிய எடத்துக்குச் சேந்துரும். ஞாயித்துக்கிழமை கேசரித் தட்டைக் கையில வெச்சுக்கிட்டு அதை எப்படிச் சொல்றது?

மணியன்: அப்ப அவங்க புருசன் விசயம்?

வள்ளி: நம்ம கதையை மொதல்ல சொல்லுவோம். அப்பறம் கேப்போம். நம்ம பக்கத்துக் கதவைச் சாத்தி வெச்சுக்கிட்டு அடுத்தவங்க ஊட்டை எட்டிப் பாக்கறது எனக்குப் புடிக்கல.

மணியன்: விசாரிக்க வந்த எடத்துல நாமளே ஒப்பிக்கறதா? ஊர்ல சொன்னாச் சிரிப்பாங்க.

கைடு: கிடைச்சிட்டுது, வாங்கோ. பாருங்கோ... இந்தப் பாதி அந்தக் காலத்து நடன மண்டபம். அந்தப் பாதி யுத்த நேரம் இருந்த மாதிரி அப்பிடியே வைச்சிருக்கினம்.

வள்ளி: அய்யோ சாமி. ஒண்ணு மேல ஒண்ணா அஞ்சு கட்டலு! நடுவுல படுத்திருக்கறவன் எப்படிங்க பொரளுவான்?

கைடு: புரள ஏலாது. மேல இருக்கிறவன்ர முதுகு முட்டும். அதுக்கும் இடம் காணாமல் பகலில ஒருத்தர், இரவில ஒருத்தர் எண்டு ஒரே கட்டில்ல முறை வைச்சுப் படுத்தவை. எழுநூறு பேர் போற கப்பல்ல அஞ்சாயிரம் பெடியளை ஏத்தினால்?

மணியன்: சோறு?

கைடு: நாளுக்கு ரெண்டு நேரம். நிண்ட நிலையில. குளிப்பு உப்புத் தண்ணியில. அக்கா, மேல பாருங்கோ, கூரையில.

வள்ளி: கொழந்தைங்க... ரெக்கை வெச்ச கொழந்தைங்க. அட, ஏனுங்க, அந்தக் கொழந்தைக்கு மீசை இருக்குது!

கைடு: ஓம்! மேல்கட்டில்ல படுத்த பெடியனுக்குக் கூரை மூக்கில முட்டும். நித்திரை வராதுதானே. காலில போடுற சப்பாத்துக்குப் பூசுற மையை எடுத்து எல்லாக் குழந்தையளுக்கும் மீசை கீறிப்போட்டாங்கள். யுத்தம் முடிஞ்சு திருத்தேக்க எல்லாத்தையும் அழிச்சிட்டு, இந்த ஒண்டை மட்டும் விட்டு வைச்சவை.

வள்ளி: நல்லாத்தான் இருக்குது. எங்க மாமனாரு மாதிரி.

மணியன்: மேடம், நீங்க எப்படிங்க இந்தக் கப்பல்ல வந்து மாட்டுனீங்க? மருந்துக்கடைக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?

கைடு: அது... எண்பத்திமூண்டாம் ஆண்டு கலவரத்துக்க நாங்கள் கொழும்பில. வீட்டை எரிச்சுப்போட்டாங்கள். அகதி முகாமில இருந்து எங்களைக் கப்பல்ல ஏத்திக் காங்கேசன்துறைக்கு அனுப்பினவை. எங்களுக்குக் கிடைச்சது சாமான் ஏத்துற கப்பல். கட்டில் இல்லை, யன்னல் இல்லை. சீமெந்துத் தூளுக்க பாயை விரிச்சுப்போட்டு இருந்தம்.

வள்ளி: எத்தனை வயசுங்க அப்ப?

கைடு: பள்ளிக்கூடம் போற வயசு. எனக்கு என்ன நினைவெண்டால்... அம்மா அழுதுகொண்டே வாறா, நான் கப்பல் முழுக்க ஓடி ஓடிப் பாக்கிறன். இது என்ன, அது என்ன எண்டு. எஞ்சின் அறைக்கையும் போயிட்டன். அந்த வெக்கம் கனகாலம் இருந்தது. ஊரே அழேக்க எனக்கு மட்டும் ஏன் அப்பிடி ஒரு ஆசை எண்டு. இஞ்ச வந்து இந்தக் கட்டிலையும் மீசையையும் பாத்தாப் பிறகுதான்... சாகப் போற பெடியளும் இதைத்தானே செய்திருக்கிறாங்கள் எண்டு மனம் ஆறினது.

வள்ளி: இதுல வெக்கப்பட என்னங்க இருக்குது? கொழந்தைதானே. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க.

கைடு: அழாதேங்கோ அக்கா. இருங்கோ, அந்தக் கதிரையில. அது இருக்கிறதுக்கு வைச்சதுதான்.

மணியன்: மேடம்... ஒண்ணு கேக்கட்டுங்களா? சண்டை முடிஞ்சு கப்பலைத் திருப்பிக் குடுத்தாங்கல்ல. அதுக்கப்பறம் இந்த மண்டபத்துல ஜனங்க வந்து ஆடுனாங்களா?

கைடு: ஏன் அண்ணை அப்பிடிக் கேக்கிறீங்கள்?

மணியன்: சும்மா தெரிஞ்சுக்கறதுக்குத்தானுங்க.

வள்ளி: சும்மா இல்லீங்க. சொல்லுங்களேன்.

மணியன்: எனக்குக் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்துல ஒரு கல்யாண மண்டபம் இருக்குதுங்க. நானே பாத்துப் பாத்துக் கட்டுனது. கொரோனாவுல, அந்த ரெண்டாவது அலையில, தாசில்தாரு வந்தாரு. மண்டபம் வேணும்னாரு. சாவியைக் குடுத்துட்டேன். பந்தி போடற ஹாலுல கட்டலு, மணமேடை மேல ஆக்சிஜன் சிலிண்டரு. மணமக அறையில நர்சம்மாங்க. பெருமையாத்தானுங்க குடுத்தேன்.

கைடு: நல்ல விசயம்தானே.

மணியன்: ஏழு பேரு போயிட்டாங்க. அதுல நாலு பேரு எங்கூரு. ஒருத்தரு எனக்குக் கணக்கு வாத்தியாரு.

வள்ளி: திருப்பிக் குடுத்ததும் வெள்ளை அடிச்சோமுங்க. ஹோமம் பண்ணோம். வாசல்ல பெரிய கோலம் நான் போட்டேன். ஒரு காதுகுத்துக்குக்கூட யாரும் கேக்கல.

மணியன்: நேர்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. "தேதி ஒத்து வரலைங்க"ம்பாங்க. அடுத்த வாரம் பாத்தா டவுன்ல வேற மண்டபத்துல பந்தல் நிக்கும். அடச்சீன்னு போயி, மஞ்ச மூட்டை அடுக்கிப்போட்டேன். இப்ப அது குடோனுங்க. அதுதானுங்க கேக்கறேன். இங்க ஆடுனாங்களா?

கைடு: முதல் பயணத்தில ரெண்டு இரவும் ஒருத்தரும் ஆடேல்லையாம். வாத்தியக்காரர் வாசிச்சுக்கொண்டே இருக்கினமாம், வந்தவையெல்லாம் சுவரோட கதிரையில இருந்து கூரையைப் பாத்துக்கொண்டு இருந்தவையாம். மூண்டாம் நாள் கடல் கொந்தளிச்சு எல்லாரும் வயித்தைப் பிரட்டிப் படுத்திட்டினம்.

வள்ளி: அப்பறம்?

கைடு: சாப்பாடு பரிமாறுற பெடியள் ரெண்டு பேர், முதலாளியள் இல்லைத்தானே எண்டு நினைச்சு, இந்த நடுவில நிண்டு ஆடினவங்களாம். ஆட்டம் எண்டால் அப்பிடி ஆட்டம். கேபினுக்க படுத்திருந்த ஆக்கள் சத்தம் கேட்டு எட்டிப் பாத்திட்டு, ஒவ்வொருத்தரா வந்து சேந்தவை. அதுக்குப் பிறகு நிண்டதே இல்லை.

மணியன்: யாராவது மொதல்ல எறங்கோணும்.

வள்ளி: அதைத்தானுங்க இவரு நெனச்சுக்கிட்டு இருக்காரு. எங்க பையன் கல்யாணத்தை அந்த மண்டபத்துலயே வெச்சுட்டா, அப்பறம் ஊரு வரும்னு. ஆனா பொண்ணு ஊட்டுல என்ன சொல்லுவாங்க? நாளைக்கு அவங்களா எங்கியாவது கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா, ஏழு உசுரு போன எடத்தை மறைச்சுப்போட்டாங்கன்னு நெனைப்பாங்களல்ல.

கைடு: பையனுக்குப் பொம்பிளை பாத்தாச்சோ?

மணியன்: அவனே பாத்துக்கிட்டான். மறைப்பானேன் மேடம், நாங்க அதுக்குத்தான் வந்தோமுங்க. உங்ககூட இங்க தவமணிதேவின்னு ஒரு அம்மா வேலை பாக்கறாங்களாமே? அவங்க பொண்ணுதான்.

கைடு: ஓ... அப்பிடியோ.

மணியன்: தெரியுமுங்களா?

கைடு: தெரியும். கொஞ்சம் தெரியும்.

மணியன்: அவங்களும் மருந்துக்கடைன்னு பையன் சொன்னான்.

கைடு: ஓம்... ரெண்டு பேரும் ஒரே இடத்தில வேலை செய்தனாங்கள். என்ன தெரியோணும் உங்களுக்கு?

மணியன்: ஆளு எப்படிங்க?

கைடு: கோவக்காரி. சின்னச் சின்ன விசயத்துக்கும் பொசுக்கெண்டு கோவம் வரும். பேந்து தானே வந்து தேத்தண்ணி போட்டுத் தருவா.

வள்ளி: சமையல்?

கைடு: மீன்குழம்பு நல்லா வைப்பா. சாம்பார் வாயில வைக்க ஏலாது.

வள்ளி: அது போச்சாதுங்க. நாங்க சொல்லிக் குடுத்துக்கலாம்.

கைடு: கார் ஓடுறதில சரியான பயந்தாங்கொள்ளி. ஃப்ரீவேயில ஏற மாட்டா. மகளைக் கேள்விக்கு மேல கேள்வி கேட்டுத் துளைப்பா. சபரித் தம்பியோட போனில கதைக்கேக்கயும் முதல்நாளே சம்பளம், சாப்பாடு, கொலஸ்ட்ரோல் எல்லாம் கேட்டவாவாம்.

வள்ளி: பையன் பேரு சபரின்னு சொன்னமுங்களா?

கைடு: இப்ப... சொன்னீங்களே. சொல்லேல்லையோ? அவா சொல்லியிருப்பா.

மணியன்: இருக்கட்டும் இருக்கட்டும். மேடம், மண்டபத்தைப் பத்தி அந்தம்மா என்ன நெனைப்பாங்கன்னு உங்களுக்குத் தோணுது?

கைடு: ஏழு பேர் போன இடமெண்டு சொல்லுறீங்கள். அங்கயிருந்து பிழைச்சு வீட்டை போனவை எத்தினை பேர்?

மணியன்: அது... நூத்துக்கணக்குல இருக்குமுங்க. அதை யாருங்க எண்ணுனாங்க?

கைடு: அவா அதைத்தான் முதல் கேப்பா. அந்த நூத்துக்கணக்கான ஆக்களுக்கும் கல்யாணக் காட் அனுப்புங்கோ எண்டும் சொல்லுவா.

மணியன்: ...வள்ளி, இது நமக்குத் தோணவே இல்ல பாரு.

வள்ளி: கேக்கறப்பவே நெஞ்சு குளுந்து போச்சுங்க. ஏனுங்க... இன்னொண்ணும் கேக்கோணும். கேக்கட்டுங்களா?

கைடு: கேளுங்கோ.

வள்ளி: அந்தம்மாவோட ஊட்டுக்காரரு... செத்துப்போயிட்டாருன்னு சொன்னாங்க. எப்படிங்க போனாரு? தப்பாக் கேட்டுட்டனுங்களா?

கைடு: இல்லை. இதைக் கேப்பீங்கள் எண்டு... கேக்கத்தானே வேணும். நானே சொல்லுறன். இதை அவா தன்ர வாயால சொல்ல மாட்டா. வேற ஆராவது உங்களுக்குச் சொன்னால் நல்லதெண்டு கன நாளா நினைச்சுக்கொண்டிருந்தவா. அவர் சாகேல்லை.

மணியன்: என்னங்க?

கைடு: உயிரோட இருக்கிறார். டொரொன்டோவில. வேற மனிசி, ரெண்டு பிள்ளையள். பவதாரணி ரெண்டாம் வகுப்புப் படிக்கேக்க போனவர், திரும்பி வரேல்லை.

வள்ளி: அப்பறம் எதுக்குங்க செத்துப்போயிட்டாருன்னு...

கைடு: புது ஊர், புது வேலை, கையில பிள்ளை. விட்டிட்டுப் போட்டார் எண்டு சொன்னால், ஏன் போனவர், நீ என்ன செய்தனீ எண்டு கேப்பினம். செத்துப்போனார் எண்டால் ஒருத்தரும் மேல கேக்க மாட்டினம். சோறு சமைச்சுக் கொண்டுவந்து தருவினம். முதல் ஒருத்தருக்குச் சொன்னா. பிறகு எல்லாருக்கும் அதையே சொல்ல வேண்டி வந்திட்டுது. பிள்ளைக்கும் அப்பிடித்தான் சொல்லப் பழக்கினவா. பிள்ளையில பிழை இல்லை அக்கா. உங்கட மகனிட்டச் சொல்லப்போறன் எண்டு நிண்டவள். தாய்தான் மறிச்சது.

மணியன்: கல்யாணத்துக்கப்பறம் சொல்லலாம்னா?

கைடு: ஓம். ஆறுதலாச் சொல்லலாமெண்டு நினைச்சவா. ஆனால் இப்ப காட் அடிக்க வேணுமெல்லே? பொம்பிளையின்ர தகப்பன்ர பேருக்கு முன்னால என்ன போடுறது?

மணியன்: எங்க பக்கம் தெய்வத்திருன்னு போடுவோமுங்க.

கைடு: எங்கட பக்கம் அமரர். வாயால சொல்லுறது ஒண்டு அண்ணை. அச்சடிச்சு, மஞ்சள் பூசி, கோயில்ல சாமிக்கு முன்னால வைச்சு, வீடு வீடாக் குடுக்கிறது வேற. டொரொன்டோவில ஸ்னோ தள்ளிக்கொண்டு நிக்கிற மனுசனை அமரர் எண்டு எழுத அவாக்குக் கை வரேல்லை. துரோகம் செய்தவர்தான். எண்டாலும் தன்ர பிள்ளையின்ர கல்யாணக் காட்டில ஒருத்தரைச் சாக்காட்ட ஏலாதெண்டு சொல்லுறா. பேரை மட்டும் போட்டாலோ, ஆள் எங்க எண்டு சபையில எல்லாரும் தேடுவினம். ஒரு மாதமா அவாக்கு நித்திரை இல்லை.

வள்ளி: பாவமே...

மணியன்: இத்தனையும் உங்ககிட்டச் சொல்லியிருக்காங்களா?

கைடு: மனசு விட்டுக் கதைக்க அவாக்கு வேற ஆர் இருக்கினம்? இப்ப உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. இதை ஊரில வைச்சுக் கேட்டிருந்தால் எழும்பிப் போயிருப்பீங்கள்தானே?

மணியன்: ...போயிருப்பேனுங்க. பொய் சொல்லக் கூடாதல்ல. தண்ணிகூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிருப்பேன்.

வள்ளி: நான் வேட்டியைப் புடிச்சு உக்கார வெச்சிருப்பேன்.

மணியன்: அதையும் பண்ணியிருப்பா. ஆனா மேடம், என் மண்டபத்தைப் பத்தி யோசிச்சுப் பாக்கறேன். நான் என்ன தப்புப் பண்ணேன்? கேட்டாங்க, குடுத்தேன். அதுக்கு ஊரு என்னை ஒதுக்கி வெச்சுது. இப்ப அந்தம்மா என்ன தப்புப் பண்ணாங்க? உட்டுட்டுப் போனவன் வேற ஒருத்தன். அவங்களை நான் ஒதுக்குனா, எங்கூர்க்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

கைடு: உண்மையாத்தான் சொல்லுறீங்களோ?

மணியன்: பொய்யி சொன்னதுதான் எனக்கு வருத்தம். அது இல்லேன்னு சொல்ல மாட்டேன். இன்னிக்குச் சொன்னீங்கல்ல... சொல்ல வெச்சாங்கல்ல, அதோட அது சரியாப் போச்சுங்க.

கைடு: அப்ப அண்ணை, தவமணிதேவியிட்ட நான் என்னெண்டு சொல்ல?

மணியன்: நீயே சொல்லு புள்ள. உனக்குத்தான் வாய் நீளம்.

வள்ளி: அவங்ககிட்டத் தனியாச் சொல்றதுக்கு இனி என்னங்க இருக்குது? சட்டையில ஷ்யாமளான்னு குத்தியிருந்தாலும், பவதாரணி மூஞ்சி அப்படியே உங்க மூஞ்சி. வந்து வணக்கம் சொன்னப்பவே எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு, மண்டபத்துக் கதையை உங்களுக்குன்னேதான் சொன்னோம். பத்திரிகையில அமரரும் வேண்டாம், தெய்வத்திருவும் வேண்டாம்... உங்க பேரை மட்டும் போட்டுக்கலாங்க, சம்மந்தி.